தங்கவயலின் கதையைப் பள்ளியில் சொல்லுங்கள்!

நம் தங்கவயலில் பள்ளிக்கூடம் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 1901-ஆம் ஆண்டு நந்திதுர்க்கம் சுரங்கப் பகுதியில் ஜான் டெய்லர் கம்பெனி ஓர் ஆங்கில ஆரம்பப் பள்ளியைத் தொடங்கியது. கம்பெனியில் வேலை பார்த்த பிரிட்டிஷ், ஐரோப்பியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி அது. 1904-இல் கன்னியர் மடத்தார் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார்கள். முதலில் சேர்ந்த மாணவிகள் 22 பேர். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகளுக்கான பள்ளி அது. பாறையை உடைத்துத் தங்கத்தை மேலே அனுப்பிய கூலிக்காரர் பிள்ளைகளுக்காக இவை கட்டப்படவில்லை. தோலின் நிறம் பார்த்துப் பள்ளியில் இடம் கொடுத்த காலம் அது.

இன்று எந்தப் பள்ளியும் வாசலில் நின்று நிறம் பார்ப்பதில்லை. ஆட்சி மாறியது, சட்டம் மாறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கமும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் வாசல் திறந்துவிட்டால் போதுமா? உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா? மனிதரை நிறத்தாலும் பிறப்பாலும் மொழியாலும் பிரித்து வைத்த கொடுமை நம் மண்ணிலேயே, நம் பாட்டன் பூட்டன் உடம்பின் மேலேயே நடந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகள் எந்த வகுப்பில், எந்த ஆசிரியர் வாயால் கேட்கிறார்கள்?

'இந்தியாவில் தங்கம் கிடைத்த இடம் எது?' 'கோலார்.' ஒரு மதிப்பெண். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் தங்கவயல் இவ்வளவுதான். மீதியைச் சினிமா சொல்லிக் கொடுக்கிறது. 2018-இலும் 2022-இலும் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்களால் நம் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. ஆனால் அது துப்பாக்கியும் அடியாட்களும் நிறைந்த ஒரு கற்பனை ஊர். 2024-இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடி வந்த ஒடுக்கப்பட்ட மக்களைத் திரையில் காட்டியது. திரைப்படம் தொட்ட வரலாற்றைப் பள்ளிக்கூடம் தொடத் தயங்குகிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

வேற்றுமையில் ஒற்றுமை, பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்தல், இன நீதி என்றெல்லாம் கல்வியாளர்கள் பேசுகிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் சுவரில் எழுதிவைத்த வாசகத்தால் குழந்தை மனம் மாறாது. தன் ஊரில், தன் தெருவில், தன் குடும்பத்துக்கு நடந்ததைக் கேட்டால் மாறும். தங்கவயல் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல வெளியூரிலிருந்து உதாரணம் தேடிக்கொண்டு வர வேண்டியதில்லை.

நிறம் போட்ட கோடு

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க நிர்வாகத்தை எடுத்த நாளிலிருந்து இந்த ஊர் ஒரு ஏணிபோலக் கட்டப்பட்டது. ஏணியின் உச்சியில் ஐரோப்பியர். அவர்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப், விளையாட்டு மைதானம். நடுவில் ஆங்கிலோ இந்தியர். காவலுக்குப் பஞ்சாபிகள். அடியில், அதாவது பூமிக்கும் அடியில், நம்மவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது தட்டி வீடும் கூலி லைனும். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வந்த அந்த மின்சாரம் இயந்திரங்களை ஓட்டத்தான் வந்தது. மக்களின் வாழ்வுக்கு ஒளி தர வேண்டும் என்று கம்பெனி அதைக் கொண்டு வரவில்லை.

மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது சாம்பியன் ரீஃப் சுரங்கம். அங்கே வெப்பத்தில் வெந்தவர்கள் யார்? 'ஏர் பிளாஸ்ட்' என்று நம் முதியவர்கள் சொல்லும் பாறை வெடிப்பில் புதைந்தவர்கள் யார்? கல்தூசியை மூச்சில் இழுத்து, சிலிகோசிஸ் நோயில் நுரையீரல் கல்லாகிச் செத்தவர்கள் யார்? ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் திருடனைச் சோதிப்பதுபோல உடம்பைத் தடவிச் சோதிக்கப்பட்டவர்கள் யார்? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. எடுத்தவர்களின் பெயரைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள்!

அவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்று 1930-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேசத் தலைவர் யாரும் வந்து கைபிடித்து நடத்தாத போராட்டம் அது. 1946-இல் மீண்டும் எழுந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் அடக்குமுறையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாடு விடுதலை பெற ஓராண்டுகூட இல்லாத நேரம். சுதந்திரப் போராட்டப் பாடத்தில் இந்த ஆறு பேருக்கு ஒரு பத்தி இடம் கொடுத்தால் புத்தகம் கனத்துவிடுமா?

தென்னாப்பிரிக்காவைப் பார்ப்போம். 1953-இல் பான்டு கல்விச் சட்டம் கொண்டுவந்து, கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வி போதும் என்று நிறவெறி அரசு முடிவு செய்தது. 1976 ஜூன் 16-இல் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துச் சோவெட்டோ மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு அந்த நாட்டார் அந்த நாளை மறைக்கவில்லை. ஜூன் 16 அங்கே இளைஞர் நாள், பொது விடுமுறை. தங்களுக்கு நடந்ததைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது. நமக்கு ஏன் இருக்கக் கூடாது?

சாதி போட்ட கோடு

வெள்ளைக்காரன் வந்துதான் நம்மைத் தாழ்த்தினான் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் ஏன் மூட்டை கட்டினார்கள்? பஞ்சம் ஒரு காரணம். சேரியில் அடைத்து, கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல், பண்ணையில் அடிமையாக வைத்திருந்த சாதிக் கொடுமை மற்றொரு காரணம். பூமிக்கடியில் செத்தாலும் சரி, ஊர் ஆண்டையின் முன் குனிந்து நிற்க வேண்டாம் என்று வந்தவர்கள் அவர்கள்.

அப்படி வந்தவர்கள் இங்கே வெறும் கூலிகளாக நின்றுவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை உண்டாக்கினார்கள். 1907-இல் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது தங்கவயல் தொழிலாளர் அதற்குத் தோள் கொடுத்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். 1926-இல் 'தமிழன்' இதழ் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இந்தத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டு நாட்டுக்குத் தந்ததும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பகலில் சுரங்கம், இரவில் படிப்பு என்று வாழ்ந்த தலைமுறை அது. எந்த ஊர்ப் பள்ளிக்கும் பெருமை சேர்க்கும் வரலாறு. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படையினர் அல்லர், உடன் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது, வகுப்பில் பிள்ளையின் சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. பெரியார் பிறந்த நாட்டில், 21-ஆம் நூற்றாண்டில், கயிற்றின் நிறத்தைப் பற்றி ஒரு நீதிபதி அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது! நோய் பள்ளிக்குள் வந்துவிட்டது. மருந்தும் பள்ளிக்குள்ளேதான் கொடுக்கப்பட வேண்டும்.

மொழி போட்ட கோடு

நாம் கர்நாடகத்தில் வாழும் தமிழர்கள். இந்த இரண்டு உண்மைகளில் எதையும் நம் பிள்ளைகள் மறைக்க வேண்டியதில்லை. 1981-இல் கோகாக் குழு அறிக்கை வந்தது. 1982-இல் அதை நிறைவேற்றக் கோரி மாநிலமெங்கும் கிளர்ச்சி நடந்தது. தங்கவயலிலும் பதற்றம் சூழ்ந்தது. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பைக் காரணம் காட்டித் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் மீண்டும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. 'கொங்கா' என்ற கேலிச்சொல்லைக் கேட்காமல் வளர்ந்த தங்கவயல்காரர் குறைவு.

இதற்கு என்ன மருந்து? நம் பிள்ளைகளுக்குக் கன்னடத்தின் மேல் வெறுப்பை ஊட்டுவதா? ஒருபோதும் கூடாது. கன்னடம் இந்த மண்ணின் மொழி. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் அதைக் கற்றாக வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் கற்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணர் கூட்டிய சரணர் சபையில் செருப்புத் தைப்பவரும் பிராமணக் குலத்தில் பிறந்தவரும் சம்பந்தம் செய்துகொண்டார்கள் என்றும், அதற்காக மன்னன் அவர்களைக் கொன்றான் என்றும் கன்னட மரபு சொல்கிறது. சாதி ஒழிப்பை இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் கதை நம் பிள்ளைகளுக்கு அந்நியக் கதையா? பிறக்கும்போது ஒவ்வொரு குழந்தையும் உலக மனிதனே என்று சொன்ன குவெம்பு கன்னடருக்கு மட்டும் சொந்தமா?

அதே போலத் தமிழையும் விடக் கூடாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 முதல் சொல்கிறது. தமிழ் கேட்பது யாருக்கும் எதிரான செயலாகாது. 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் துணி போர்த்தி மூடிக் கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு அரசுகளால் சிலைகளைப் பரிமாறிக்கொள்ள முடியும் என்றால், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு குழந்தைகளால் பாட்டையும் கதையையும் பரிமாறிக்கொள்ள முடியாதா? கன்னட ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் ஒரு பாட வேளை வாரத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

நம் பக்கம் இருக்கும் கோடு

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சங்கப் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

சுரங்கம் மூடிய பிறகு நம் இளைஞர்கள் விடியுமுன் மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே பீகார்க்காரரும் ஒரியாக்காரரும் அசாம்காரரும் கட்டட வேலையில், ஓட்டலில், காவல் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் 'பானிபூரி' என்றும் 'வடக்கன்' என்றும் நம் வீட்டுப் பிள்ளையே கேலி பேசினால் என்ன சொல்வது? 'கூலிக்காரன்', 'கொங்கா' என்று நம் தாத்தனைச் சொன்ன வாய்க்கும் இந்த வாய்க்கும் என்ன வேறுபாடு? சப்பை மூக்கைச் சொல்லி மணிப்பூர் பெண்ணைக் கேலி செய்வதும், ஆப்பிரிக்க மாணவனைக் கண்டதும் சிரிப்பதும் எந்தப் பள்ளியில் கற்ற பாடம்?

கேலியோடு இது நிற்பதில்லை. 2012 ஆகஸ்டில் ஒரு வதந்தியால் ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் இரண்டு மூன்று நாட்களில் பெங்களூரை விட்டு ரயிலேறி ஓடினார்கள். 2016 ஜனவரி கடைசியில், யாரோ ஒரு சூடான் நாட்டவர் செய்த விபத்துக்காக, சம்பந்தமே இல்லாத தான்சானியா மாணவி ஒருவரைப் பெங்களூரில் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. நிறம் ஒன்றாயிருந்தது, அவ்வளவுதான் அந்தப் பெண் செய்த குற்றம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பொய் என்று போலீஸ் அறிவித்தும் பீதி அடங்கச் சில நாட்கள் ஆயின. 1991-இல் நாம் அனுபவித்த அச்சத்தை அந்தத் தொழிலாளர்கள் அனுபவித்தார்கள். பிழைக்க வந்தவனின் பயத்தை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள்?

நிறத்தைப் பற்றிய இழிவு நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. கறுத்துப் பிறந்த பெண் குழந்தையைப் பார்த்து 'கட்டிக் கொடுப்பது கஷ்டம்' என்று தொட்டிலிலேயே தீர்ப்புச் சொல்கிறோம். 1975-இல் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, 'வெள்ளையே அழகு' என்று 45 ஆண்டுகள் விற்றுவிட்டு, 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு வங்காளத்தின் பர்தமானில் ஒரு மழலையர் பாடப்புத்தகத்தில், 'அவலட்சணம்' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் கறுத்த மனிதர் ஒருவரின் படம் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்திய ஆசிரியைகள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். எழுத்துக் கற்கும் வயதிலேயே இழிவும் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய புண்ணைக் கிளறுவதா?

'பழசையெல்லாம் சொல்லிப் பிள்ளைகள் மனத்தில் பகையை வளர்ப்பதா? மார்க் வாங்கி வேலைக்குப் போகட்டும்' என்று சில பெற்றோர் சொல்வார்கள். அவர்களுடைய கவலை நியாயமானதுதான். ஆனால் பிள்ளையின் கையில் இருக்கும் போன் சும்மா இருப்பதில்லையே! அது நாள் முழுதும் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறது. பாதி பொய், பாதி பகை. ஆசிரியர் வாய் மூடிய இடத்தில் வதந்தி ஆசிரியராகிறது.

எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் வகுப்பு வெள்ளைக் குழந்தைகளைக் கண்ணின் நிறம் பார்த்துப் பிரித்தார். ஒரு நாள் பழுப்புக்கண் உயர்வு, நீலக்கண் தாழ்வு. பின்பு அதையே மாற்றினார். தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்ட குழந்தைகள் பாடத்திலும் பின்தங்கினார்கள் என்று அவர் கண்டார். உலகப் புகழ் பெற்ற பாடம் இது. ஆனாலும் குழந்தையை அவமானப்படுத்திப் பார்க்கும் இந்த முறையை நாம் இங்கே பரிந்துரைக்க மாட்டோம். அவமானம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அவர்களுக்கு வேண்டியது வரலாறும் மரியாதையும்தான்.

எனவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: தங்கவயல் பள்ளிகளில் நடுநிலை வகுப்பிலேயே சுரங்கத் தொழிலாளர் வரலாறு தனிப் பாடமாக வேண்டும்; கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். வடகிழக்கு மக்கள் மீதான தாக்குதல்களுக்குப் பின் 2014-இல் பெஸ்பருவா குழு, அம்மக்களின் வரலாறு பாடத்தில் சேர வேண்டும் என்று சொன்னது. அந்த நியாயம் நமக்கும் பொருந்தும்.

இரண்டு: ஆண்டுக்கு இருமுறையாவது முதிய சுரங்கத் தொழிலாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்க வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சிகள் நாளுக்கு நாள் குறைகிறார்கள்.

மூன்று: சாதிப் பெயர், நிறம், மொழி, மதம் சொல்லிக் கேலி செய்வதைப் பள்ளி விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆசிரியருக்கும் பொருந்தும். அதற்கான பயிற்சியை அரசு ஆசிரியர்களுக்குத் தர வேண்டும்.

நான்கு: பெற்றோர் கேட்கும் இடத்தில் தமிழ் கற்பிக்க ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பெட்டியடியில் கிடக்கும் பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, லைன் வீட்டுப் புகைப்படம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். சங்கக் கிளைகள் அவற்றைப் படியெடுத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கட்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனை ஒதுக்கி வைத்துவிட்டு, தாத்தா எந்த ஊரிலிருந்து, ஏன் வந்தார் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கும் பீகார்த் தொழிலாளியும் அப்படித்தான் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வருகிற நவம்பர் 4-ஆம் தேதி, நம் பகுதிப் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் 1946-இன் ஆறு தொழிலாளர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம், ஐந்து நிமிடம் பேச்சு என்று தலைமையாசிரியர்களைக் கேட்போம். கன்னடப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் உருதுப் பிள்ளையும் ஒன்றாக நின்று கேட்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மனு போதும். இந்த மாதமே எழுதுவோம்.